சிரமம் இல்லை என்றாள் விருத்தாம்பாள்

அத்தியாயம் 11

விருத்தாம்பாளுக்கு முடக்குவாதம் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அவள் மருமகள் ஜெயஸ்ரீ பொம்மைக்குக் கண் எழுதும் வேலையை விட்டு ஆறு மாதம் ஆகிறது. இந்த இரண்டுக்கும் உள்ள சம்பந்தத்தை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை. பேசாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

செராமிக் எஸ்டேட்டிலிருந்து சொர்ணாம்பாள் வந்து போன கதையை முன்பே சொல்லியாயிற்று. கொலு சீசன் நெருங்குகிறது. யூனிட்டில் சுட்டெடுத்த பொம்மைகள் கண் இல்லாமல் வரிசையாக நிற்கின்றன. இரண்டு வாரம் பொறுப்பேன், அதற்கடுத்த திங்கட்கிழமை நீ வராவிட்டால் உன் இடத்தில் வேறு பெண்ணை உட்கார வைத்துவிடுவேன் என்று அந்த மேஸ்திரி அம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போய் இரண்டு வாரமாகிறது. அன்றைக்கு "பாக்குறேன்க்கா" என்று மழுப்பி அனுப்பிய ஜெயஸ்ரீ, நேற்று முன்தினம் தானாகவே போன் போட்டு, "வரேன்க்கா" என்று சொல்லிவிட்டாள்.

அப்படிச் சொல்லும் தைரியம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அதைத்தான் அவளாலும் நம்ப முடியவில்லை. மாமியார் எழுந்துவிட்டாள்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. வெளியூரிலிருந்து மூட்டுவலி டாக்டர் வந்து பார்க்கிற நாள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமே என்று ஜெயஸ்ரீ அடித்துப் பிடித்து எழுந்து, அத்தைக்கு ரவிக்கைக் கொக்கி மாட்டிவிட ஓடினாள். இரண்டு வாரத்துக்கு முன்பு வரை தினமும் அதுதான் அவளுக்கு முதல் வேலை; பழக்கம் இன்னும் விடவில்லை. ஆனால் அத்தை படுக்கையில் இல்லை. குளித்து, புடவை கட்டி, வாசலில் கோலம் போட்டு, அடுப்பில் கத்தரிக்காய்க் குழம்பைக் கொதிக்கவிட்டு, பேத்தி இனியாவை முன்னால் உட்கார்த்தி வைத்து இரட்டைச் சடை பின்னிக்கொண்டிருந்தாள்.

"ஏன் அத்த, என்னை எழுப்பக்கூடாதா?"

"தூங்குறவள எழுப்பி என்னா பண்ண? போயி பல்லு வெளக்கு. பஸ்ஸு போயிடும்."

ஜெயஸ்ரீ அந்தக் கைகளையே பார்த்தாள். மூன்று வாரத்துக்கு முன்னால் இந்த விரல்கள் சப்பாத்தி மாவு போல உப்பிக் கிடந்தன. குழாயைத் திருக வராது. டம்ளரை இரண்டு கையாலும் அணைத்துத்தான் வாய்க்குக் கொண்டுபோவாள். இப்போது ரிப்பனை இழுத்து முடிச்சுப் போடுகின்றன.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம். பட்டாள், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் கூடவே ஒரு சந்தேகமும் ஒட்டிக்கொண்டு வந்தது. சொர்ணாம்பாள் வந்து போன பிறகுதானே இந்த மாற்றம்? பத்து நாளில் இப்படி எழுந்து நடமாட முடிகிறவள், அந்த ஆறு மாதமும் நிஜமாகவே முடியாமல்தான் கிடந்தாளா? இப்படி நினைத்ததற்காகத் தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். திட்டிவிட்டு மறுபடியும் நினைத்தாள்.

அவள் கணவன் தர்மராஜ் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். ஸ்ரீமுஷ்ணத்துக்கு ஓடு ஏற்றிக்கொண்டு கிளம்பும் அவசரத்தில் நின்றபடியே இரண்டு இட்லியை விழுங்கினான்.

"அம்மாவைப் பாத்தீங்களா? ஒரு ஆளு ஒதவி இல்லாம எல்லாம் பண்ணுறாங்க," என்றாள் ஜெயஸ்ரீ.

"ம். நல்லா இருக்குதுன்னு டாக்டர்ட்ட சொல்லிட்டு சீக்கிரம் வந்துடுங்க," என்றான் அவன், தட்டைப் பார்த்துக்கொண்டே. பிறகு அவள் முகத்தைப் பார்க்காமலே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பஸ்ஸில் விருத்தாம்பாள் கம்பியைப் பிடித்துத் தானாகவே ஏறினாள். கண்டக்டர் கைகொடுக்க வந்தபோது, "தள்ளுப்பா" என்றாள்.

மூன்று மாதத்துக்கு முன்னால் இதே ஆஸ்பத்திரிக்கு அவளை ஆட்டோவில் வைத்து, இரண்டு பேர் தோளில் தாங்கிக் கொண்டுவந்தார்கள். அன்று டாக்டர் சொன்னது ஜெயஸ்ரீக்கு மறக்கவில்லை. மாத்திரை பிடித்தால் நல்லது. அடுத்த தடவையும் இப்படியே இருந்தால் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து ஊசி ஆரம்பிக்க வேண்டும், கூட ஒரு ஆள் தங்க வேண்டும் என்றார். எப்படி இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய மாட்டார்கள். நர்ஸ் துர்கா அட்டையில் தாளைச் சொருகிக்கொண்டு வந்து கேள்வி கேட்பாள். பதிலுக்கெல்லாம் மார்க் உண்டு. பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிர். மார்க் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு நல்லது.

துர்கா கறாரான பெண். வெளியில் காத்திருக்கும் பெஞ்சிலேயே பக்கத்தில் உட்கார்ந்து ஆரம்பித்தாள்.

"அம்மா, போன ஒரு வாரத்த மட்டும் நெனச்சுப் பதில் சொல்லுங்க. சிரமமே இல்ல, கொஞ்சம் சிரமம், ரொம்ப சிரமம், முடியவே இல்ல. இந்த நாலுல ஒண்ணு. துணி உடுத்திக்க, ரவிக்கைக் கொக்கி மாட்டிக்க எப்படி இருக்குது?"

"சிரமம் இல்ல."

"தலை வாரிக்க?"

"எனக்கும் வாரிக்கிட்டு பேத்திக்கும் வாரிவுட்டேன். சிரமம் இல்ல."

"கையில்லாத நாற்காலியிலேருந்து நேரா எழுந்திரிக்க முடியுதா?"

"வூட்டுல ஒரு நாற்காலிதான். அதுல வர்றவங்கதான் ஒக்காருவாங்க. நாங்க தரைதான்."

"அப்ப தரையிலேருந்து எழுந்திரிக்க?"

விருத்தாம்பாள் புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அங்கேயே, அத்தனை பேர் நடுவில், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பிறகு ஒரு கையைத் தரையில் ஊன்றி எழுந்து நின்றாள். மூட்டுவலிக்காரர்களாக நிறைந்திருந்த அந்த வராந்தாவே அவளைப் பொறாமையோடு பார்த்தது.

"போதும்மா, போதும். எழுதிக்கிறேன்," என்றாள் துர்கா சிரித்துக்கொண்டே. "கார்ல ஏறி எறங்க?"

"யாரு காரு?"

"ஒங்க மவன் வண்டின்னே வெச்சிக்குங்களேன்."

"சிரமம் இல்ல."

பால் பாக்கெட்டைப் பிரிக்க, குழாயைத் திருக, பரண் மேல் இருக்கிற டப்பாவை எட்டி எடுக்க, கடைக்குப் போய்வர என்று துர்கா கேட்டுக்கொண்டே போக, சிரமம் இல்லை, சிரமம் இல்லை என்று பதில் வந்துகொண்டே இருந்தது. நடுவில், "இதுக்கெல்லாம் வேற யாராச்சும் ஒதவி பண்ணுறாங்களா?" என்று கேட்டபோது மட்டும் சற்று நிறுத்தி, "வேற யாரு? மருமவதான் பண்ணிக்கிட்டிருந்தா. இப்ப தேவையில்ல," என்றாள்.

தேவையில்லை என்ற சொல் ஜெயஸ்ரீக்குச் சுருக்கென்றது. ஏன் சுருக்கென்றது என்று அவளுக்கே புரியவில்லை. அந்தச் சொல்லைக் கேட்கத்தானே ஆறு மாதமாகக் காத்திருந்தாள்?

கடைசியாக ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுருட்டி விருத்தாம்பாளின் கையில் கொடுத்து, பலம்கொண்ட மட்டும் அமுக்கச் சொன்னாள் துர்கா. போன தடவை முள் லேசாக நடுங்கிவிட்டு நின்றுபோனது. இந்தத் தடவை சடசடவென்று ஏறியது. துர்கா ஒருமுறைக்கு இரண்டு முறை பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள்.

"என்னக்கா பண்ணுனீங்க ஒங்க அத்தைய? மாத்திரை இந்த அளவுக்கு யாருக்குமே கேட்டதில்ல," என்று ஜெயஸ்ரீயிடம் சொன்னவள், "மொகம்தான் கொஞ்சம் உப்புன மாதிரி இருக்குது. நல்லா சாப்புடுறாங்களா?" என்றாள்.

"இப்பதான் நல்லா சாப்புடுறாங்க."

"சரி. இந்தக் கோடு ஒண்ணு பாக்கி. எல்லாத்தையும் சேத்துப் பாத்தா நீங்க எப்படி இருக்கீங்கன்னு இதுல ஒரு புள்ளி வைக்கணும்மா. இந்த ஓரம்னா ரொம்ப நல்லா இருக்கேன். அந்த ஓரம்னா ரொம்ப மோசம். யோசிச்சு வைங்க, வந்து வாங்கிக்கிறேன்."

அட்டையை விருத்தாம்பாளிடம் கொடுத்துவிட்டு அவள் அடுத்த ஆளிடம் போனாள். ஜெயஸ்ரீ போனை எடுத்துக்கொண்டு வண்டி நிறுத்துகிற பக்கம் நடந்தாள். நல்ல செய்தியைக் கணவனிடம் உடனே சொல்லியாக வேண்டும் போலிருந்தது.

"என்னங்க, எல்லாத்துக்கும் சிரமம் இல்லன்னுட்டாங்க. தரையில ஒக்காந்து எழுந்து காட்டுனாங்க. பாண்டிச்சேரி வேணாம்னுடுவாங்கன்னு நெனைக்கிறேன்."

"சரி," என்றான் தர்மராஜ்.

"என்னங்க, வெறும் சரிங்கறீங்க?"

"நல்லதுதான்." வண்டி இரைச்சல் கேட்டது. பிறகு ஓரம்கட்டி நிறுத்தியது போல அமைதியானது. "ரத்தம் கித்தம் எடுக்கச் சொன்னாங்களா?"

"இல்ல. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

சும்மா கேட்கிற ஆள் இல்லை அவன். ஒன்பது வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு இதுகூடவா தெரியாது?

"என்னத்த மறைக்கிறீங்க? இப்ப சொல்லலன்னா நேரா டாக்டரையே போயி கேப்பேன்."

"அம்மா சொல்லக்கூடாதுன்னுச்சு. செட்டு மாத்திரை. நாந்தான் வாங்கியாந்து குடுக்குறேன். ரெண்டு வாரமா."

செட்டு மாத்திரை என்றால் இந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் கிடையாது. பெயரும் கிடையாது, டாக்டர் சீட்டும் கேட்க மாட்டார்கள். மூன்று நான்கு மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார்கள். மறுநாளே வலி போன இடம் தெரியாது. முதல் தடவை வந்தபோதே டாக்டர் அதைத் தொடவே கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். வீக்கத்தை அது மறைத்துவிடும், உள்ளே மூட்டு பாட்டுக்கு அரித்துக்கொண்டே இருக்கும், சர்க்கரை ஏறும், முகம் உப்பும் என்றார். முகம் உப்பும் என்றது இப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

"ஒங்களுக்குப் புத்தி இருக்குதா? டாக்டரு அவ்ளோ சொன்னாங்களே?"

"அம்மா கெஞ்சுச்சு ஜெயஸ்ரீ. சீசன் முடியிற வரைக்கும்தான்டா, அவ வேலைக்குப் போவட்டும்னுச்சு. நான் என்னா பண்ண?"

"நீங்களும் நான் வேலைக்குப் போவணும்னுதான் வாங்கியாந்தீங்களா?"

"ஏன், நீ நெனைக்கலயா?" என்றான் அவன். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

ஜெயஸ்ரீ போனை வைத்துவிட்டாள். நினைத்தாள்தான். இரவும் பகலும் அதைத்தான் நினைத்தாள். மெல்லிய பிரஷ்ஷைத் தொட்டு ஒரே இழுப்பில் இமை வரைந்து, அதற்குள் ஒரு புள்ளி வைத்ததும் வெறும் பொம்மை நிமிர்ந்து தன்னைப் பார்க்கிற அந்த வேலையில்தான் அவள் தன்னைக் கெட்டிக்காரி என்று உணர்ந்திருக்கிறாள். வீட்டில் யாரும் அவளை அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை.

திரும்பி வந்தபோது விருத்தாம்பாள் அந்தக் கோட்டையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புள்ளி வைக்கவில்லை.

"இது என்னான்னே வெளங்கல. எப்படி இருக்கேன்னா, என் கையக் கேக்குதா, என்னைக் கேக்குதா?"

ஜெயஸ்ரீ பக்கத்தில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினாள். "செட்டு மாத்திரை சாப்புடுறீங்களா அத்த?"

விருத்தாம்பாள் இல்லை என்று சொல்லவில்லை. "சொல்லிட்டானா? அவன் வாயில ஒண்ணும் தங்காது."

"எனக்காவவா இப்படிப் பண்ணுனீங்க?"

"ஒனக்காவவும்தான். ஆனா ஒனக்காவ மட்டும்னு நெனச்சிக்காத." பேனாவை உருட்டிக்கொண்டே பேசினாள். "ஆறு மாசமா நீ கொக்கி மாட்டிவுடுற. ஒரு நாளு மொகம் சுளிச்சதில்ல. இல்லன்னு சொன்னா எனக்கே அடுக்காது. ஆனா தெனம் காலம்பற சொவத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறவ நானு. நீ போட்டு முடிக்கிற வரைக்கும் எனக்கு உசுரு போயி உசுரு வரும். இந்த ரெண்டு வாரமா நான் மனுசி மாதிரி இருக்கேன்."

"உள்ள அரிச்சிக்கிட்டே இருக்கும்னு சொன்னாங்களே அத்த. கேட்டதுக்கெல்லாம் பொய்யா சொல்லிட்டீங்களே."

"எது பொய்யி?" என்று திரும்பினாள் விருத்தாம்பாள். "போன வாரம் முடிஞ்சிதான்னு கேட்டா. முடிஞ்சிது. நீயே பாத்தல்ல, கொழம்பு வெச்சேனா இல்லியா? தரையிலேருந்து எழுந்தேனா இல்லியா? இதுல நான் என்னா பொய்யச் சொன்னேன்?"

ஜெயஸ்ரீ அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். யோசித்துப் பார்த்தால் அத்தை சொன்ன ஒரு பதிலும் பொய்யில்லை. எல்லாம் நடந்தது, எல்லாவற்றையும் அவளே கண்ணால் பார்த்தாள். அப்படியானால் அந்தத் தாளில் தப்பு எங்கே இருக்கிறது?

"டாக்டர்ட்ட சொல்லணும்னா தாராளமா சொல்லு," என்றாள் விருத்தாம்பாள். "சொன்னா பாண்டிச்சேரி. பொம்பள வார்டுல தர்மன தங்கவுட மாட்டாங்க. நீதான் வரணும். திங்கக்கெழம எங்க இருக்கப்போறன்னு யோசிச்சிக்க."

பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

டாக்டர் வயதில் சின்னவர். ஜெயஸ்ரீயைவிட நான்கைந்து வயது மூத்தவராக இருந்தால் அதிகம். போன தடவைத் தாளையும் இந்தத் தடவைத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் முகம் மலர்ந்துபோனார்.

"ரொம்ப நல்லா இருக்கும்மா. இவ்வளவு இறங்கும்னு நான் எதிர்பார்க்கல. வீட்டுல யார் பாத்துக்கறது? நீங்களா?" என்று ஜெயஸ்ரீயைப் பார்த்தார். "நல்லா பாத்துக்கிட்டிருக்கீங்க. அந்தக் கோட்டுல மட்டும் புள்ளி வைக்கலையே?"

"அது எனக்குப் புரியல டாக்டர்," என்றாள் விருத்தாம்பாள்.

"பரவாயில்ல. நான் குடுத்த மாத்திரை தவிர வேற எதுவும் சாப்பிடல இல்லையா?"

"ஒண்ணும் இல்ல."

டாக்டர் எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே, ஊசி இப்போது தேவையில்லை, பாண்டிச்சேரிக்குப் போக வேண்டாம், இதே மாத்திரையை விடாமல் போடுங்கள், மூன்று மாதம் கழித்து வந்தால் போதும் என்றார். ஜெயஸ்ரீ கேட்டுக்கொண்டே நின்றாள். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். இன்னும் ஒரு நிமிஷம். அதற்குள் சீட்டு கைக்கு வந்துவிடும், வெளியே போய்விடலாம், திங்கட்கிழமை வந்துவிடும்.

"செட்டு மாத்திரை சாப்புடுறாங்க டாக்டர்."

யாரோ சொன்னது போலிருந்தது. தன் குரல்தான் அது என்பது, டாக்டர் நிமிர்ந்து பார்த்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஏன் சொன்னாள் என்று இப்போது கேட்டாலும் அவளுக்குச் சொல்லத் தெரியாது. அத்தையின் மேல் இருந்த பாசமா, பிற்பாடு பழி தன் மேல் வரும் என்ற பயமா, இரண்டும் கலந்ததா?

"எத்தனை நாளா?"

"ரெண்டு வாரமா."

டாக்டர் திட்டவில்லை. விருத்தாம்பாளின் கையை எடுத்து, விரல் கணுக்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். பிறகு எழுதிய சீட்டைக் கிழித்துவிட்டுச் சொன்னார்.

"இந்தத் தாள்ல நீங்க சொன்ன பதில் பொய்னு நான் சொல்ல மாட்டேன்மா. ஆனா இது அந்த மாத்திரை வாங்குன மார்க்கு. ஒங்க கை நெலவரம் எனக்கு இன்னும் தெரியாது. இதைப் பட்டுன்னு நிறுத்தவும் கூடாது, ஆஸ்பத்திரியில வெச்சுப் பாத்துக்கிட்டே மெதுவாத்தான் குறைக்கணும். திங்கக்கெழம பாண்டிச்சேரியில அட்மிஷனுக்கு எழுதுறேன். ரெண்டு வாரமாவது இருக்க வேண்டி வரும். கூட ஒரு பொம்பள ஆள் வேணும்."

"நான் வரல," என்றாள் விருத்தாம்பாள்.

"அம்மா, இப்பவே கவனிக்கலன்னா வெரலு கோணிக்கும். அப்பறம் யாரு நெனச்சாலும் நிமிராது."

"கோணட்டும். எனக்கு ஊசியும் வேணாம், பாண்டிச்சேரியும் வேணாம். வலிச்சா நான் பாத்துக்குறேன்."

டாக்டர் பெருமூச்சு விட்டு ஜெயஸ்ரீயின் பக்கம் திரும்பினார். "நீங்க சொன்னா கேப்பாங்க. நீங்க என்னம்மா சொல்றீங்க?"

அத்தை வரவில்லை என்றதுமே ஜெயஸ்ரீயின் நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியிருந்தது. உண்மையைச் சொல்லியாயிற்று. வேண்டாம் என்றது அத்தைதான். இனி ஊரில் யாரும் தன்னைக் குறை சொல்ல முடியாது; திங்கட்கிழமை காலை டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு யூனிட்டுக்குக் கிளம்பலாம். கண்மூடித் திறக்கும் நேரத்தில் மனசு அதுவரைக்கும் போய்விட்டது. அந்த நிம்மதியைத் தன்னிடமே கண்டுபிடித்து அவள் பயந்துபோனாள். இல்ல அத்த, வாங்க, நான் வரேன் என்று சொல்லத்தான் அவசரமாக வாயைத் திறந்தாள். ஆனால் வார்த்தை கொஞ்சம் பிந்திவிட்டது.

விருத்தாம்பாள் அவ்வளவு நேரமும் டாக்டரைப் பார்க்கவில்லை, மருமகளின் முகத்தையும் அதில் படர்ந்த நிம்மதியையும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவள ஒண்ணும் கேக்காதீங்க டாக்டர்," என்றாள் அமைதியாக. "அவ சொல்லிட்டா."